காஞ்சிபுரம் என்றொரு கப்பல்

பாவுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எடுத்து வந்திருந்தாள். அதில் ஏழு பெயர்கள்: சவுத்தாம்ப்டன், சுவான்சி, சிங்கப்பூர், ஆஸ்லோ, மால்டா, நியூ ஆர்லியன்ஸ், காந்திநகர். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டணம், ரூபாயில். எல்லாவற்றுக்கும் கீழே அவள் அப்பா தன் கையால் எழுதியிருந்தார்: ‘எதுக்கு?’

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஐயங்கார்குளம் ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்தால் பட்டா, வரப்பு, வாய்க்கால் என்று ஏதாவது ஒரு வழக்கு என்னைத் தேடி வந்துவிடும். கப்பல் வழக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஐகோர்ட்டில் என் பிழைப்பே அதுதான் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கும் இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

“தம்பி, நம்ம மாவட்டத்துல கடலே கிடையாது. இவ கடல் சட்டம் படிச்சு என்ன பண்ணப்போறா?” என்றார் அவள் அப்பா, எனக்கு அண்ணன்.

அவர் சொன்னது உண்மை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மாமல்லபுரமும் கடற்கரையும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்கிற கார்கள் கப்பல் ஏறித்தான் வெளிநாடு போகின்றன. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு காகிதம் உண்டு, அண்ணே, பில் ஆஃப் லேடிங் என்று பெயர். நீங்கள் பார்சல் ஆபீஸில் சேலைக் கட்டைப் போட்டால் எல்.ஆர். காப்பி தருகிறார்கள் இல்லையா, அதற்கு அண்ணன் முறை. ஒரு வித்தியாசம் உண்டு. சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே இந்தக் காகிதத்தைக் கைமாற்றிச் சரக்கை விற்றுவிடலாம். கப்பல் கரை சேரும்போது காகிதம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் சரக்கு. மூன்று பேர் கை மாறி, நாலாவது ஆள் வாங்கிப் பார்க்கும்போது பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் யார் மேல் வழக்குப் போடுவது? என் தொழிலில் பாதி அந்தக் கேள்விதான்.

“நம்ம ஊர் பேர்ல ஒரு கப்பலே இருந்துச்சுப்பா” என்றாள் பிள்ளை.

இருந்தது. எம்.டி. டான் காஞ்சிபுரம். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எண்ணெய் ஏற்றி உள்ளே வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலும், எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன பி.டபிள்யூ. மேப்பிள் என்ற கப்பலும் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் தார் போலப் படிந்த எண்ணெயை இளைஞர்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். அந்தப் படங்கள் பலருக்கு நினைவிருக்கும். பக்கெட்டுக்குப் பின்னால் இருந்த சட்டத்தைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. இரண்டு கப்பலில் யார் மேல் எத்தனை பங்கு தப்பு? வலை நாறிப்போய், மீன் விலைபோகாமல் உட்கார்ந்த குடும்பம் தன் நஷ்டத்தை எந்தக் கணக்கில் காட்டுவது? கப்பல்காரர் எவ்வளவு வரை கொடுத்தால் போதும்?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் அண்ணன் மட்டுமல்ல, யாரும் திகைப்பார்கள். கடல் சட்டத்தில் கப்பல் உரிமையாளர் தன் பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு கேட்கலாம். நஷ்டம் எவ்வளவு ஆனாலும் வரம்பு கப்பலின் அளவைப் பொறுத்ததுதான். 2021-ல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் கடல்சார் நீதிமன்றம் 2023-ல் அதன் பொறுப்பை சுமார் 1.9 கோடி பவுண்டுக்குள் வரம்பிட்டது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நூறு கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. கப்பலும் ஒன்று, நெருப்பும் ஒன்று. எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்பதில் தொகை இத்தனை மடங்கு மாறுகிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடல் சட்டம் என்று ஒரே பெயரில் வழங்கினாலும் உள்ளே இருப்பது இரண்டு மூன்று தொழில். பில் ஆஃப் லேடிங், காப்பீடு, கப்பல் வாடகை, மோதல், மீட்பு எல்லாம் ஒரு பக்கம். கட்சிக்காரர்கள் வியாபாரிகள். நாடும் நாடும் மோதுவது இன்னொரு பக்கம். 2012-ல் கேரளக் கடலில் என்ரிக்கா லெக்ஸி கப்பலில் இருந்த இத்தாலிய வீரர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டார்கள். அந்த வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2020-ல் தீர்ப்பாகி, பத்துக் கோடி இழப்பீட்டோடு 2021-ல் முடிந்தது. கச்சத்தீவும், ராமேசுவரம் மீனவர் கைதுகளும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் ஏழு பெயரை ஒரே தாளில் எழுதினால் கட்டணத்தை வைத்துத்தான் ஒப்பிட முடியும். இவள் அதைத்தான் செய்திருந்தாள்.

“உனக்கு எந்தப் பக்கம், பாப்பா?”

“கோர்ட்டுல நிக்கணும் சித்தப்பா. இங்கயே. மெட்ராஸ்லயே.”

அப்படியானால் தாளில் உள்ள சில பெயர்களை உடனே எடுத்துவிடலாம். நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பெரிய பெயர், ஆனால் அங்கே ஊறிப்போவது அமெரிக்கச் சட்டத்தில். அங்கேயே தங்குபவர்களுக்கு அது சரி. மால்டாவில் இருப்பது ஐ.நா.வின் கடல்சார் அமைப்பு 1988-ல் நிறுவிய பன்னாட்டுக் கடல்சார் சட்ட நிறுவனம். எனக்கு மிகவும் மரியாதை உள்ள இடம். பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு பன்னாட்டு உடன்படிக்கையைத் தன் நாட்டுச் சட்டமாக வரைந்து காட்ட வேண்டும். ஆனால் அது அரசுகள் முன்மொழிந்து அனுப்பும் அதிகாரிகளை மனதில் வைத்து உண்டானது. கப்பல் போக்குவரத்துத் துறையிலோ வெளியுறவிலோ வேலைக்குச் சேர்ந்த பிறகு மால்டாவை நினைக்கலாம்.

ஆஸ்லோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1963-லிருந்து கடல் சட்டத்துக்கென்றே தனி நிறுவனம் வைத்திருக்கும் நல்ல இடம். ‘நார்வேயில் இலவசம்’ என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2023 இலையுதிர் பருவத்திலிருந்து கட்டணம் உண்டு.

வெளிநாட்டில் மிச்சம் பிரிட்டனும் சிங்கப்பூரும். கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் லண்டனில் மத்தியஸ்தம், ஆங்கிலச் சட்டம் என்று எழுதியிருப்பது சர்வசாதாரணம். எண்ணூரில் நிலக்கரி இறக்க இரண்டு நாள் பிந்தினால் அதற்கான தாமதக் கட்டணச் (டெமரேஜ்) சண்டை லண்டனில் நடக்கும். நம் 1963-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டமே ஆங்கிலேயரின் 1906 சட்டத்தை அடியொற்றி எழுதியதுதான். ஆகவே ஆங்கிலச் சட்டத்தை அதன் ஊரிலேயே படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. சவுத்தாம்ப்டனில் 1982-லிருந்து இதற்கென்றே ஒரு நிறுவனம். சுவான்சியில் கப்பலையும் வாணிபத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் சட்ட மையம் 2015-ல் வந்தது. ஆங்கிலச் சட்ட வேர் அங்கேயும் உண்டு, சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம்தான். ஆசியக் கப்பல் வழக்குகள் அங்கே குவிவதையும் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் சிங்கப்பூரைத்தான் முதலில் வைப்பேன்.

எதுவானாலும் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாடப்பட்டியலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் படிக்க வேண்டும். வெளியே ‘மரிடைம் லா’ என்று எழுதியிருக்கும். உள்ளே கப்பலுக்கு ஒரே ஒரு தாள், மிச்சமெல்லாம் பொதுவான வணிகச் சட்டம் என்று இருக்கும். பெயர்பெற்ற பேராசிரியர் நாம் போகும் ஆண்டில் பாடம் எடுக்கிறாரா, விடுப்பில் இருக்கிறாரா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பதில் சொல்வார்கள்.

உள்ளூரிலேயே இருக்கிறதே என்று உத்தண்டியில் உள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தைப் பலர் கேட்கிறார்கள். அது 2008-ல் வந்தது, அதன் பலம் மரைன் எஞ்சினியரிங்கும் நாட்டிகல் சயின்சும் துறைமுக நிர்வாகமும். எல்.எல்.எம். தேடி அங்கே போக வேண்டாம். காந்திநகரில் 2017-ல் தொடங்கிய குஜராத் மரிடைம் பல்கலைக்கழகம் கடல் சட்டத்துக்கென்று தனிப் பிரிவு வைத்தது. அங்கே படிக்க, வெளிநாட்டுச் செலவில் ஒரு பங்குதான் ஆகும்.

செலவு என்றதும் அண்ணன் நிமிர்ந்தார். இங்கிலாந்தில் கட்டணம் மட்டுமே இருபதாயிரம் பவுண்டைத் தாண்டும், சாப்பாடும் வாடகையும் தனி. ஒரு ஏஜென்சி இவர்கள் வீட்டுக்கே வந்து, வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

“வைக்காதீங்கண்ணே” என்றேன். அவ்வளவு அழுத்தமாக நான் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

வெளிநாட்டு எல்.எல்.எம். இங்கே வாதாடும் உரிமையைத் தராது. இவள் ஏற்கெனவே வாங்கிவிட்ட பி.எல்.லும் பார் கவுன்சில் பதிவும்தான் அதைத் தருகின்றன. ஒருவேளை கல்லூரியில் பாடம் நடத்த ஆசை வந்தால், ஓராண்டுப் பட்டம் செல்லுமா என்ற தகராறு வேறு இருக்கிறது. 2021 ஜனவரியில் பார் கவுன்சில் ஓராண்டு எல்.எல்.எம்.மை எடுத்துவிடும் விதி கொண்டுவர, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்னொன்று, பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். கல்லூரி வாசலிலிருந்து நேராகப் போனால் அந்தக் கதவு திறக்காது.

அதனால் இரண்டு வருடம் இங்கே நில் என்றேன். கடல்சார் வழக்கு நடத்தும் அதிகாரம் நாட்டில் எட்டு உயர் நீதிமன்றங்களுக்குத்தான் உண்டு, அதில் சென்னையும் ஒன்று. அந்த அதிகாரத்தைத் தரும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. 1856, 1908, 1925, 1958 என்று தூசு படிந்த சட்டங்களின் இடத்துக்கு 2025-ல் பில் ஆஃப் லேடிங், துறைமுகம், கடல்வழிச் சரக்கு, வணிகக் கப்பல் என்று புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று முதன்முதலாக வாதாடப்போவது நம் நீதிமன்றங்களில்தான். சவுத்தாம்ப்டனில் யாரும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். இங்கே நின்று அதைக் கற்றவள் பிறகு அங்கே போனால், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவாள்.

“சேலையில கரையும் உடலும் மாதிரி” என்றார் அண்ணன் திடீரென்று. “தனித்தனி நாடாதான். சேர்ற எடத்துல பிடிக்கத் தெரியலைன்னா கோர்வை இல்ல.”

என் முதல் கப்பல் கைது, அதாவது கோர்ட் உத்தரவில் கப்பலை நகரவிடாமல் நிறுத்தியது, நினைவுக்கு வந்தது. சீனியரோடு லாஞ்சில் போனேன். கயிற்று ஏணியில் ஏறும்போது கறுப்பு கவுனைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டேன். கோர்ட்டு ஆள் வாரண்டை மாலுமி அறைக் கண்ணாடியில் ஒட்டினார். நாலு மூலையிலும் பசை நாடா. ஏழு மாதமாகச் சம்பளம் வராத மாலுமிகள் சுற்றி நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். சமையல்காரர் டீ போட்டுக் கொடுத்தார், பால் இல்லாத டீ. கப்பலை விற்றுப் பணம் வந்தால் மாலுமி சம்பளம்தான் முதலில், கப்பலை அடமானம் பிடித்த வங்கிகூட அதற்குப் பின்னால்தான் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘இரண்டு வருடம்’ என்று எழுதி, அதன் கீழே சீனியர்களின் பெயர் கேட்டாள். மூன்று பேரைச் சொன்னேன். திங்கட்கிழமை ஒரு கப்பல் வழக்கு விசாரணைக்கு வருகிறது, வந்து பார் என்றேன். காலை ரயிலில் ஏறினால் பீச் ஸ்டேஷன். இறங்கினால் எதிரே துறைமுகம், கொஞ்சம் நடந்தால் ஐகோர்ட்.

அண்ணன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

“கோர்ட்டுக்குள்ள என்னையும் விடுவாங்களா, தம்பி?”

விடுவார்கள், ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்றேன்.