ஐம்பது குடும்பங்களுக்கு ஓர் ஆசிரியர்



புதிய ஊர் ஒன்று உருவாகும்போது முதலில் வீடும் வயலும் ஆலயமும் எழும்பும், பள்ளிக்கூடம் பிறகுதான் வரும் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள் அப்படிக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் 1630-இல் பாஸ்டன் நகரை நிறுவினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1635-இல், அங்கே ஆண்பிள்ளைகளுக்கு இலத்தீன் பள்ளி தொடங்கிற்று.

சிறு பிள்ளைகளோ பெரும்பாலும் அயலகத்து அம்மா ஒருவரின் வீட்டில்தான் படித்தார்கள். அவர் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டே, சிறு கட்டணத்திற்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். புத்தகம் அரிதாயிருந்தது. ஆகையால் கைப்பிடியுள்ள சிறு மரப்பலகையில் ஒரே தாளை ஒட்டிவைத்தார்கள். அதில் அரிச்சுவடியும் கர்த்தருடைய ஜெபமும் இருந்தன. தாள் கிழியாதபடி, மாட்டுக்கொம்பை மெல்லிய தகடாக்கி அதன்மேல் பதித்தார்கள். எழுத்துகள் அதனூடே தெரிந்தன.

பெற்றோரும் எஜமானரும் தங்கள் பொறுப்பிலுள்ள பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்களா என்று கவனிக்கவேண்டும் என 1642-இல் சட்டம் வந்தது. 1647-இல் வந்த சட்டம் அப்பொறுப்பை ஊரின்மேலும் வைத்தது. 50 குடும்பங்களுள்ள ஊர் எழுதவும் வாசிக்கவும் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்தவேண்டும். 100 குடும்பங்களுள்ள ஊர் இலத்தீன் பள்ளி நடத்தவேண்டும். வேதத்தை மக்கள் அறியாதபடி தடுப்பது சாத்தானின் தந்திரம் என்று அச்சட்டத்தின் தொடக்கமே காரணம் கூறுகிறது.

சட்டம் இயற்றியவுடன் எல்லாம் நடந்துவிடவில்லை. தவறிய ஊர் 5 பவுண்டு அபராதம் செலுத்தவேண்டும். அத்தொகை அடுத்த பள்ளிக்குச் சேரும். ஆசிரியருக்கு ஆகும் செலவைவிட அது குறைவாயிருந்ததால், சில ஊர்கள் அபராதத்தையே செலுத்தின! பின்னர் அதை உயர்த்த நேர்ந்தது. காசு அருமையான அந்நாட்களில் பல ஊர்களில் தானியமும் விறகும் ஆசிரியரின் சம்பளத்தில் சேர்ந்தன. சட்டம் பள்ளியைத் திறக்கச் சொல்லிற்று; அதை மூடாமல் காத்தது குடும்பங்கள் கொடுத்த அந்தத் தானியமும் விறகுமே.

ஒரு குறையையும் நாம் மறைக்கக்கூடாது. பெண்பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்பித்தார்கள். எழுத்தைப் பெரும்பாலும் கற்பிக்கவில்லை. இலத்தீன் பள்ளியின் கதவோ அவர்களுக்குத் திறக்கவேயில்லை. வேதம் வாசிக்கத் தெரிந்த தாய்மார் பலர், பத்திரங்களில் தங்கள் பெயரை எழுத இயலாமல் அடையாளக்குறி மட்டும் இட்டார்கள்.

எந்தப் பள்ளியைப்பற்றிக் கேள்விப்பட்டாலும், வாசலுக்கு வெளியே நிற்கும் பிள்ளை யார் என்று நாம் கேட்கவேண்டும். அந்த முன்னோடிகளின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.