உலக இலக்குக்குச் சிலிபினில் யார் பொறுப்பு?

ஐ.நா.வின் 17 நிலைத்தன்மை மேம்பாட்டு இலக்குகளைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர்கள் இன்று குறைவு. பள்ளிச் சுவரொட்டியிலும் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் அந்த வண்ணக் கட்டங்களைப் பார்த்திருப்போம். 2015 செப்டம்பரில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்த இலக்குகளுக்கு 2030 வரைதான் தவணை. மலேசியாவும் அவற்றை ஏற்று, 12-ஆவது மலேசியத் திட்டத்தில் இணைத்தது. ஆனால், நியூயார்க்கில் எடுத்த முடிவு ஈப்போ, சிலிபினில் இருக்கும் எங்கள் வீதிக்கு எந்த வழியாக வந்து சேரும்?

இதற்கு விடை நம் அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. கல்வியும் மருத்துவமும் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே, நகரங்களைப் பற்றிய 11-ஆவது இலக்கையும், கழிவைக் குறைக்கச் சொல்லும் 12-ஆவது இலக்கையும் புத்ராஜெயா மட்டும் நிறைவேற்றிவிட முடியாது. மாநிலமும் கை கொடுக்க வேண்டும்.

வீட்டுக் குப்பையை எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம், அதாவது சட்டம் 672, குப்பை நிர்வாகத்தை மாநிலங்களிடமிருந்து மத்திய அரசாங்கத்தின் கைக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்கள் சேர்ந்தன. பேராக் சேரவில்லை. 2015 செப்டம்பர் 1 முதல் அந்த மாநிலங்களில் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது கட்டாயமானது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்கள் என லோரி வரும். பிரிக்காத தரை வீட்டுக்காரருக்கு முதல் முறை 50 ரிங்கிட் அபராதம்.

சட்டத்தில் சேராததைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. தன் நகரத்தின் குப்பையைத் தானே நிர்வகிக்க ஒரு மாநிலம் விரும்பலாம். பினாங்கும் சேரவில்லை. ஆனால் அம்மாநிலம் 2016 ஜூன் 1-இல் சொந்தமாகவே குப்பை பிரிப்புக் கொள்கையைத் தொடங்கியது. மக்கள் பழகிக்கொள்ள ஓராண்டு கொடுத்து, 2017 ஜூன் முதல் அமலாக்கத்தில் இறங்கியது. உலக இலக்கை உள்ளூர்க் கொள்கையாக்க ஒரே வழிதான் உண்டு என்பதில்லை. ஆனால் ஏதாவது ஒரு வழியை மாநிலம் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

"நம் மக்களுக்குப் பிரிக்கத் தெரியாது" என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போகும். போத்தலும் தகரமும் பழைய சாமான்காரருக்குப் போகும். சாம்பல் பாத்திரம் துலக்க உதவும். கடைசியில் எறிவதற்கு அதிகம் மிஞ்சாது என்பார். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. எல்லாம் ஒரே பையில் போகிறது. பாட்டிக்குப் பிரிக்கும் பழக்கம் இருந்தது. பிரித்ததைத் தனியாக எடுத்துச் செல்லும் ஏற்பாடுதான் வேண்டும். தனித்தனியாகக் கட்டியதை ஒரே லோரியில் கொட்டினால் யார்தான் தொடர்ந்து பிரிப்பார்கள்?

இதில் இளையோருக்கு என்ன வேலை? ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவில்லை. மாநில அரசாங்கமே அவர்களை நியமிக்கிறது. ஆகவே சட்டமன்றத் தேர்தலில் நாம் போடும் வாக்குதான் குப்பை லோரி வரை போய்ச் சேருகிறது. 18 வயதில் வாக்குரிமை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. என் வயதினர் பலருக்கு அடுத்த மாநிலத் தேர்தலே முதல் தேர்தல்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க நமக்கு உரிமை உண்டு. மறுசுழற்சி நிலையத்துக்கு எங்கே இடம், வடிகாலோரம் எவ்வளவு திறந்தவெளி என்று அங்கே கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயில் மேற்படிப்புப் படிக்கும் நம்மைப் போன்றோர், அந்த அறிவிப்பை வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கி, அவர்கள் சொல்வதை மலாயில் எழுதிக் கொடுக்கலாம். அரை நாள் வேலைதான்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கைகுலுக்க வரும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். குப்பை பிரிப்புக்கு உங்கள் திட்டம் என்ன? எந்த ஆண்டுக்குள்? எவ்வளவு ஒதுக்கீடு? பதில் ஆண்டோடும் தொகையோடும் வந்தால்தான் அது கொள்கை.