தோள்மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை

கிணற்றடியில் நின்று ஒரு வாளி நீரைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றுகின்றோம். அந்த ஒரு செயலுக்குத் தோள்மூட்டு எத்தனை பக்கம் திரும்ப வேண்டியிருக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூட்டுவாதத்தினால் தோள் பழுதடைந்தவரோ அதனை நாள்தோறும் எண்ணுகின்றார். தலைவார இயலாது, சட்டை மாட்ட இன்னொருவர் துணை வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, இரவிலே அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமை. பகல் வேலையிலே மறந்திருந்த நோவு நள்ளிரவிலே விழித்துக்கொள்ளும். இத்தகையோருக்குச் செயற்கை மூட்டைப் பொருத்தும் சத்திரசிகிச்சை பற்றியே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகின்றேன்.

இடுப்புமூட்டும் தோள்மூட்டும் ஒரே வகையின. பந்தும் கிண்ணமும் போன்றவை. ஆயினும் இடுப்பிலே தொடையென்பின் தலை, சிரட்டைக்குள் அடங்கிய பந்துபோல ஆழப் பதிந்திருக்கின்றது. தோளிலோ மேற்கை என்பின் உருண்ட தலை, தட்டிலே வைத்த தோடம்பழம் போல, ஆழமற்ற சிறு குழிவொன்றிலே பொருந்தி நிற்கின்றது. அது நழுவாமற் காப்பவற்றுள் முதன்மையானவை நான்கு தசைகளும் அவற்றின் நாண்களுமாகும். தோட்பட்டை என்பிலிருந்து புறப்படும் அவை, அத்தலையைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கின்றன. இந்த நான்கு தசைகளையும் நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். எந்த மூட்டைப் பொருத்துவது என்பது அவற்றையே பொறுத்திருக்கின்றது.

என்புகளின் முனைகளைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான கசியிழையம் மூட்டுவாதத்தினால் அழிந்துபோகின்றது. முதுமைத் தேய்வினாலும் இது நேரலாம். உடலின் காப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தினாலும் நேரலாம். பின்னர் என்போடு என்பு உராயும்போது நோவு எழாமல் என்ன செய்யும்?

தோளுக்குச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முயற்சி 1893 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே நடந்தது. நோயாளி 37 வயதான ஒரு வெதுப்பகத் தொழிலாளி. அவருடைய தோள் என்பைக் காசநோய் அரித்திருந்தது. கையை அகற்றிவிட அவர் உடன்படவில்லை. மாப் பிசைபவருக்குக் கையில்லையேல் பிழைப்பு ஏது? எனவே ஜூல் பெயான் என்னும் சத்திரவைத்தியர், பிளாற்றினத்தாலும் இறப்பராலும் ஆன மூட்டொன்றைப் பொருத்தினார். அதனைச் செய்து கொடுத்தவர் ஒரு பல் வைத்தியர் என்பது வியப்பிற்குரியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைகாட்டவே, அந்த மூட்டை எடுத்துவிட நேர்ந்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் நியூயோர்க்கிலே சார்ள்ஸ் நீயர் என்பவர், நொறுங்கிய என்புத் தலைக்குப் பதிலாக உலோகத் தலையொன்றைப் பொருத்தி, அதன் விவரத்தை 1955 இல் வெளியிட்டார். 1974 இல் மூட்டுவாத நோயாளர்களுக்கு அம்முறையைக் கையாண்ட அனுபவத்தையும் எழுதினார். மேற்கை என்பின் குடைவுக்குள் இறங்கும் தண்டும் அதன்மேல் உலோகத் தலையும், எதிரே குழிவின் மேல் பொலியெதிலீன் தகடும் என்பதே இன்றும் வழங்கும் அமைப்பு.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த நான்கு தசைகளின் நாண்களும் பழுதின்றி இருத்தல் வேண்டும். அவை பெரிதும் கிழிந்திருப்பின், தோளின் வெளிப்புறத்தைப் போர்த்திருக்கும் பெருந்தசை கையை உயர்த்த இழுக்கும்போது, பந்து சுழலாமல் மேல்நோக்கி வழுக்கிச் செல்லும். எவ்வளவு நல்ல உலோகத்தை வைத்தாலும் கை எழாது. பிரான்சின் டீஜோன் நகரத்து வைத்தியர் போல் கிராமோன், 1980 களில் இயற்கையின் ஒழுங்கையே தலைகீழாக்கினார். பந்தைத் தோட்பட்டையிலும் கிண்ணத்தை மேற்கை என்பிலும் வைத்தார். சுழலும் மையம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் நகர்ந்தது. பெருந்தசைக்கு நெம்பும் ஆற்றல் கூடிற்று. கிழிந்த நாண்களின் உதவியின்றியே கை உயர்ந்தது. என் எண்ணத்தில், இத்துறையில் எழுந்த மிகத் துணிவான சிந்தனை இதுவே. எனினும் கையை வெளிப்புறமாகத் திருப்பும் ஆற்றல் இம்முறையில் முழுமையாகத் திரும்பாதிருக்கலாம்.

மருந்தும் பயிற்சியும் பயன் தராத நிலையிலேயே இந்தச் சத்திரசிகிச்சையை நாட வேண்டும். இதன் முதல் நோக்கம் நோவைத் தணித்தலாகும். இளமைக்காலத் தோளைத் திருப்பித் தருதல் அன்று. கிருமித்தொற்று, நரம்புப் பழுது, மூட்டு நழுவுதல், ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருத்திய பாகம் தளர்தல் ஆகிய இடர்களும் உள. தோலிலே வாழும் ஒருவகைக் கிருமி உள்ளே புகுந்து, காய்ச்சலோ வீக்கமோ காட்டாமல் மாதக்கணக்கில் மறைந்திருப்பதும் உண்டு. ஆகவே நோயாளி வைத்தியரிடம், “என் தசைநாண்கள் எந்நிலையில் இருக்கின்றன? எந்த வகை மூட்டைப் பொருத்தப் போகின்றீர்கள்?” என்று தயங்காது கேட்கலாம்.

சத்திரசிகிச்சையின் பின் சில வாரங்கள் கையைத் தூளியிலே தாங்கியிருக்க வேண்டும். பயிற்சியாளர் கூறும் அசைவுகளை, அவர் கூறும் அளவிலேயே, மாதக்கணக்கிற் செய்தல் வேண்டும். காயத்தின் நோவு அடங்கியதும் பலருக்கு முதலிலே திரும்புவது இரவு உறக்கம். கொடியிலே துணி காயப்போடும் அளவுக்குக் கை உயர்வதற்கு இன்னும் நாட்செல்லும்.