பூட்டி வைத்த புத்தகம்



அண்மையில் படித்த சில நூல்களைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நூல்களைத் தேடி நான் போனதே அந்தத் தவறினால்தான்.

சென்ற ஆண்டு ஒருநாள், மஃரிபுக்குப் பின் நடைபெறும் மத்ரஸா வகுப்பில், பதினான்கு வயது மாணவன் ஒருவனின் பையில் கதைப் புத்தகம் ஒன்றைக் கண்டேன். அட்டையில் ‘பால்யகால சகி’ என்றிருந்தது. ‘சகி’ என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. “ஓத வருகிற இடத்தில் இதெல்லாமா?” என்று கடிந்துகொண்டு, புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் பாடத்தை ஓதினான். நானும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

ஐந்து வாரங்கள் கழித்து எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நூலகரைக் கடைத்தெருவில் சந்தித்தேன். “உங்களிடம் ஓதுகிற பையன் ஒருவன் வாரம் தவறாமல் நூலகத்துக்கு வருவான், ஹஜ்ரத். இப்போது வருவதேயில்லை. ஒரு புத்தகம் திருப்பித் தராமல் இருக்கிறது. என்னவென்று கொஞ்சம் விசாரியுங்கள்” என்றார் அவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகம் என் அலமாரியில் இருந்தது. பையனோ, ‘ஹஜ்ரத் பிடுங்கிவிட்டார்’ என்று சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்க மனமின்றி, நூலகப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டிருந்தான்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அலமாரியைத் திறந்தேன். கண்ணால் காணாததற்குச் சாட்சி சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன் நான். ஒரு பக்கமும் புரட்டாத ஒரு நூலுக்கு எதிராக நானே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருந்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும் முன் படித்தாவது பார்ப்போம் என்று அமர்ந்தேன். மெலிந்த நூல்தான். நள்ளிரவுக்குள் முடித்துவிட்டேன்.

ஒன்றும் ஒன்றும் எத்தனை?

வைக்கம் முஹம்மது பஷீர் (1908–1994) மலையாளத்தில் எழுதி 1944-இல் வெளிவந்த நாவல் ‘பால்யகால சகி’. குளச்சல் மு. யூசுப் அதைத் தமிழாக்கம் செய்திருக்கிறார். செல்வர் வீட்டுப் பிள்ளை மஜீதும், ஏழைப் பாக்கு வியாபாரியின் மகள் சுஹராவும் அண்டை வீட்டுக் குழந்தைகள். பள்ளியில் ஆசிரியர், ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று மஜீதிடம் கேட்கிறார். இரண்டு ஆறுகள் கூடினால் சற்றுப் பெரிய ஓர் ஆறாகத்தானே ஓடுகிறது! ஆகவே ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சற்றுப் பெரிய ஒன்று என்பது அந்தச் சிறுவனின் கணக்கு. வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியர் தண்டிக்கிறார். அந்தப் பக்கத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தண்டித்த ஆசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வாரங்களுக்கு முன் அவர் என் நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார்.

‘சகி’ என்ற சொல்லைக் கண்டு நான் எதை அஞ்சினேனோ அது அந்நூலில் இல்லை. அதில் இருப்பது வறுமை. தந்தையை இழந்த சுஹராவுக்கு மேலே படிக்க ஆசை. அவளைப் படிக்க வைக்கும்படி மஜீது தன் வாப்பாவிடம் மன்றாடுகிறான். வசதி படைத்த அந்த மனிதர், தம் உறவிலேயே ஆதரிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று மறுத்துவிடுகிறார். அந்த மறுப்பு சுஹராவின் வாழ்வை எங்கெங்கோ இழுத்துச் சென்று, இறுதியில் காசநோயில் கொண்டுபோய் முடிக்கிறது. ஸதகாவைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். கொடுக்க முடிந்தும் கொடுக்கப்படாத ஓர் உதவி என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாக நான் எடுத்துச் சொன்னதில்லை.

மறுநாள் பையனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். நூலகத்துக்கு இருவருமாகச் சென்றோம். தாமதக் கட்டணத்தை நான் செலுத்தினேன். அங்கேயே நானும் உறுப்பினராகச் சேர்ந்தேன். திரும்பும் வழியில் அவன் கேட்டான்: “ஹஜ்ரத், சுஹராவைப் படிக்க வைத்திருந்தால் அவள் மௌத்தாகியிருக்க மாட்டாள், இல்லையா?” ஹயாத்தும் மௌத்தும் இறைவன் கையில் என்ற பதில் என் நாவின் நுனியில் இருந்தது. ஆனால் அவன் கேட்டது அதுவல்ல என்பது எனக்குப் புரிந்தது. “நம் தெருவில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்போம்” என்று மட்டும் சொன்னேன்.

நம் கதையை நாமே எழுதினால்

நூலகர் அடுத்துக் கையில் கொடுத்தது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்து, 2019-இல் மறைந்த மீரான், மலையாள வழியில் கல்வி கற்றவர். வத்தல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடலோர கிராமத்தின் கதையோ 1988-இல் நூலாயிற்று.

ஊரையே தம் காலடியில் வைத்திருக்கும் முதலாளி; மார்க்கத்தின் பெயரால் மக்களை ஏய்க்கும் ‘தங்ஙள்’; ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் ஈமான் போய்விடும் என்ற கூச்சல்; இவற்றுக்கு நடுவே முதலாளிக்குத் தலைவணங்க மறுக்கும் ஒரு சாதாரணச் சுறாப்பீலி வியாபாரி. படிக்கும்போது கோபம் வந்தது. ‘நம் குறைகளை ஊரறியச் சொல்ல வேண்டுமா?’ என்ற கோபம். படித்து முடித்தபோது அது மாறியிருந்தது. மூடி வைத்த புண் ஆறுவதில்லை. இந்த நாவல் முதலில் தொடராக வந்தது ‘முஸ்லிம் முரசு’ மாத இதழில் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். நம் குறையை நம் இதழே அச்சிட்டது. நம் வீடுகளிலேயே அது படிக்கப்பட்டது. அந்தத் துணிவை நாம் இழந்துவிடலாகாது. அந்தக் கடற்கரை மக்களின் பேச்சு வழக்கு முதல் முப்பது பக்கங்களுக்குச் சற்றுத் தடுக்கும். பொறுமையாகப் படியுங்கள், பிறகு அந்த வழக்கே நூலின் சுவையாகிவிடும்.

சகோதரிகள் எழுதியவை

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் எழுதிய ‘காதலா கடமையா’ நாவல் 1938-இல் வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதினார். மூன்றாம் வகுப்புப் படிப்புக்குப் பிறகு அந்தப் பெண்மணி எத்தனை நூல்களைத் தாமாகப் படித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வெளிவந்தது. சிற்றூர் ஒன்றில் நம் வீட்டுப் பெண்கள் நால்வர் கூடினால் எதைப் பேசுவார்கள், எதை விழுங்கிக்கொள்வார்கள் என்பதை அது சொல்கிறது. ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட சில பகுதிகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் இதைக் கொடுக்க மாட்டேன். ஆனால் திருமணமாகிப் பெண் மக்களைப் பெற்ற ஆண்கள் இதைப் படிக்க வேண்டும் என்பேன். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திய பெண்ணின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அமர்ந்து கேட்டிருக்கிறோம்? ஒரு நூலோடு வாதாடுவதற்கும் அதைப் பூட்டி வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. படித்தவனுக்கே வாதாடும் உரிமை உண்டு.

மதுரையில் ஒரு பயணி

கல்லூரியில் நான் வரலாறு பயின்றவன். ஆயினும் இப்னு பதூதாவின் பயண நூலை மேற்கோள்களாக மட்டுமே அறிந்திருந்தேன். இம்முறை அரபு மூலத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325-இல், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் அறிஞர் எழுதி 1355-இல் நூலை முடித்தார்.

இலங்கையிலிருந்து கடல் வழியே வரும்போது கப்பல் சேதமாகி, அவர் மஅபர் என்னும் நம் சோழமண்டலக் கரையை அடைந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு உறவினர். இருவரின் மனைவியரும் உடன்பிறந்தவர்கள். அந்தச் சுல்தானின் விருந்தினராக இருந்த இப்னு பதூதா, சிறைப்பட்ட மாற்று மதத்தவரையும், அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதை நேரில் கண்டு, அது கண்டிக்கத்தக்க செயல் என்று ஒளிக்காமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தம் சமயத்தவன், உறவினன், உணவளித்தவன் என்ற மூன்றும் அவருடைய எழுதுகோலைத் தடுக்கவில்லை. நம் வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்தப் பக்கங்கள் ஒரு பாடம்.

அவரையும் முழுதாக நம்பிவிட வேண்டியதில்லை. சில ஊர்களின் வருணனைகள் அவருக்கு முந்திய பயணி இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. சீனப் பயணம் பற்றி ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். நல்ல நூலையும் விழிப்போடு படிக்க வேண்டும் என்பதற்கு அதுவும் உதவுகிறது.

ஒரு குருவியும் ஒரு மானும்

பறவையியல் எனக்கு முற்றிலும் புதிய துறை. சாலிம் அலியின் தன்வரலாறு 1985-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதங்கள் படித்தேன். பெற்றோரை இழந்து மும்பையில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த சிறுவன், காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுடுகிறான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். இது என்ன குருவி என்று தெரியாமல் மாமனிடம் ஓடுகிறான். மாமன் அமீருத்தீன் தையப்ஜி சிறுவனை அதட்டவில்லை. தமக்கும் தெரியாது என்பதால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் கடிதம் கொடுத்து அனுப்பி வைக்கிறார். அந்த ஒரு கடிதத்திலிருந்து உலகறிந்த ஒரு பறவையியலாளர் உருவானார்.

நான் பையனின் புத்தகத்தைப் பூட்டினேன். அந்த மாமனோ பையனின் கேள்விக்குக் கதவைத் திறந்துவிட்டார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல், வேலையையும் இழந்து, கிஹிம் என்னும் கடலோர ஊரில் இருந்தபோதுதான் சாலிம் அலி தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்து எழுதினார். எங்கள் மத்ரஸாவுக்குப் பின்னுள்ள பனைமரத்திலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குகின்றன. பதினைந்து ஆண்டுகளாக அவற்றின் கீழே நடந்திருக்கிறேன். நின்று பார்த்தது இப்போதுதான்.

குருவியிலிருந்து மனம் இயல்பாகவே உமறுப் புலவரிடம் சென்றது. சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களில், 5027 பாடல்களில், பள்ளிப் பாடநூலில் வந்த சில பாடல்களுக்கு அப்பால் நான் சென்றதில்லை. உரையின் துணையோடு மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படித்தேன். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அதற்காகப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. பாலைவன நாட்டில் நடந்ததைத் தமிழ்நாட்டு மலையும் ஆறும் வயலும் சூழப் பாடிய அந்தப் புலவரை இத்தனை ஆண்டுகள் தவறவிட்டேனே என்று வருந்தினேன். செய்யுள் கடினம்தான். நாளைக்கு ஐந்து பாடல்கள் என்று வைத்துக்கொண்டால் கடினம் குறையும். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டால் இன்னும் குறையும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

வாசகப் பெருமக்களே! முதல் இறைவசனம் ஓதுவதைப் பற்றியது என்று மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை பாடநூல் அல்லாத ஒரு புத்தகத்தை விரித்தால் முகம் சுளிக்கிறோம். கைப்பேசியில் அவன் எதைப் பார்க்கிறான் என்று கேட்காத நாம், கையில் புத்தகத்தைக் கண்டால் மட்டும் கேட்கிறோம்.

எல்லா நூலும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று. தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வு செய்கிறவர் முதலில் படித்தவராக இருக்க வேண்டும். பிள்ளையின் கையில் நமக்குப் பிடிக்காத நூல் இருந்தால், “எங்கே, நான் படித்துவிட்டுத் தருகிறேன்” என்று வாங்குங்கள். வாங்கினால் படியுங்கள். படித்தபின் அவனோடு அமர்ந்து பேசுங்கள். வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு அவன் மதிப்புத் தருவான்.

எங்கள் மத்ரஸாவில் அந்த அலமாரி இன்னும் இருக்கிறது. பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன். கீழ்த்தட்டில் இப்போது முப்பது நூல்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டைப் பராமரிப்பவன் யார் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!