பத்து மில்லிமீட்டர் வெளியே

ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பதினாறு இஞ்ச் அலாய் போடப் போகிறேன். ஓட்டை பொருந்தினால் போதும், மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் காட்டும் பூச்சாண்டி என்கிறார் கடைக்காரர். உண்மையா?”

ஓட்டை பொருந்தத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரர் வாயைத் திறக்காத எண் ஒன்று இருக்கிறது. அதற்கு வருமுன் விளம்பரங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். அலாய் என்றாலே எடை குறையும், மைலேஜ் கூடும் என்கிறார்கள். 14 அங்குல இரும்பு வீலைக் கழற்றிவிட்டு மலிவான 16 அங்குல வார்ப்பு அலாயை மாட்டுபவர்கள் இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. வைத்தால் பல சமயம் முள் எதிர்ப்பக்கம் சாயும். பார்க்கக் கெத்தாக இருக்கிறது என்பதற்காகப் போடுகிறேன் என்று சொல்லுங்கள், அதில் தப்பே இல்லை.

டயர் கணக்கு எளிது. விஎக்ஸ்ஐயில் வரும் 165/80 ஆர்14 டயரின் முழு விட்டம் 619.6 மி.மீ. அதே காரின் உயர்ரகமான இசட்எக்ஸ்ஐயில் வரும் 185/65 ஆர்15 டயருக்கு 621.5. பதினாறுக்குப் போனால் 195/55 ஆர்16, விட்டம் 620.9. ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் குறுகிக்கொண்டே வந்து, மொத்தம் மாறாமல் நிற்கிறது. “இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும்” என்று 205/60 ஆர்16 போட்டால் விட்டம் 652-ஐத் தாண்டும். ஸ்பீடோமீட்டரின் கணக்கு அப்போது ஐந்து சதவீதம் பின்தங்கும். ஃபெண்டரில் உரசுவது தனிக் கதை.

அடுத்து ஓட்டை. ஸ்விஃப்டுக்கு நான்கு நட், அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. கடைகளில் இதைப் பி.சி.டி. என்பார்கள். (இன்னோவாவின் 114.3 என்ற விநோத எண் வேறொன்றுமில்லை, நாலரை அங்குலம்.) ஃபியட் புன்டோவுக்கு இது 98. ஒரு போல்ட்டுக்கு ஒரு மி.மீ. வித்தியாசம்தான் என்பதால் 100 வீலை அதில் முறுக்கி ஏற்றிவிடலாம், ஏற்றியும் இருக்கிறார்கள். போல்ட்டின் கூம்பு குழியில் ஒருபக்கமாக அழுந்தி உட்காரும், போல்ட் வளைந்தபடியே ஓடும். நடுத்துளையையும் பாருங்கள். அதில் நுழையும் ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. எல்லாக் காருக்கும் ஆகட்டும் என்று வெளியில் விற்கும் வீல்களில் 73.1 வரை குடைந்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். ஐம்பது நூறு ரூபாய்ச் சமாச்சாரம் என்று அதை விட்டுவிட்டால், வீல் நடுவில் உட்காராமல் எண்பதைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் மெஷினில் எத்தனை முறை ஏற்றினாலும் குணமாகாத நடுக்கம் அது.

இனி அந்த எண்: ஆஃப்செட். வீலின் உட்புறத்தில் ‘ஈ.டி. 45’ என்பதுபோல வார்த்திருக்கும். ரிம்மின் அகலத்தை இரண்டாக வெட்டும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு ஒட்டும் தட்டு எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பதே அது. கணக்குக்காக, இருப்பது 6 ஜே (ரிம்மின் அகலம் 6 அங்குலம்), ஈ.டி. 45 என்றும், கடைக்காரர் காட்டுவது 7 ஜே, ஈ.டி. 35 என்றும் வைத்துக்கொள்வோம். உள்விளிம்பு 2.7 மி.மீ.தான் உள்ளே போகும்; ஒன்றும் இடிக்காது. வெளிவிளிம்போ 22.7 மி.மீ. வெளியே வரும். உரசவில்லை, பார்க்க அகலமாக இருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் டயரின் நடுக்கோடு பத்து மி.மீ. வெளியே போயிருக்கிறது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. மேலே ஸ்ட்ரட் மவுன்ட், கீழே பால் ஜாயின்ட். இரண்டையும் இணைக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு அது. மேல்முனை உட்பக்கம் சாய்ந்திருப்பதால் கோட்டைக் கீழே நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கோ குத்தும். டயரின் நடுவுக்கு வெளியே குத்துகிறதா, உள்ளே குத்துகிறதா என்பதில் காரின் குணமே மாறும்.

பழைய பள்ளிக்கூடங்களில் சுவரின் உச்சியில் கயிறு கட்டிய வென்டிலேட்டர் இருக்கும். இருபக்கமும் நடுவில் ஓர் ஆணி, அதில் பலகை சுழலும். ஆணி நடுவுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தால், வெளிக்காற்று பெரிய கீழ்ப்பாதியைத் தள்ளிப் பலகையைத் தானே சாத்திவிடும். ஒரு விரற்கடை கீழே இருந்தால் அதே காற்று மேற்பாதியைத் தள்ளிப் படாரென்று திறந்துவிடும். காற்று ஒன்றுதான், ஆணிதான் இடம் மாறியது. நம் காரில் ஆணி என்பது அந்த அச்சு, காற்று என்பது பிரேக் விசை, கயிறு ஸ்டீயரிங், கயிற்றைப் பிடித்தபடி கண்ணயரும் பியூன் நாம். பலகையில் புறா கூடு கட்டினால் அதை அலைன்மென்ட் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் இந்த உவமை தாங்காது.

நெடுஞ்சாலையில் எதிரே லாரி வருகிறது, நீங்கள் இடதுபக்கம் ஒதுங்குகிறீர்கள். இடச்சக்கரங்கள் ஓரத்து மணலில், வலச்சக்கரங்கள் தாரில். பிரேக்கை அழுத்துகிறீர்கள். தாரில் பிடிப்பு அதிகம் என்பதால் கார் வலப்பக்கம், அதாவது லாரியின் பக்கம், இழுக்கும். அச்சு டயர் நடுவுக்கு வெளியே குத்தும் காரில், வலச்சக்கரத்தின் அதே கூடுதல் பிரேக் விசை சக்கரங்களை இடப்பக்கம் திருப்பும். யாரும் சொல்லாமலே, உங்கள் கை உணர்வதற்கு முன்பே. உள்ளே குத்தும் காரில் அது லாரியை நோக்கித் திருப்பும்! பல கார்களில் அச்சு குத்தும் இடத்துக்கும் டயர் நடுவுக்கும் உள்ள இடைவெளி சில மி.மீ. அளவுதான். ஆகவே பத்து மி.மீ. ஆஃப்செட் மாற்றம் அதைக் குறைப்பதோடு நிற்காமல், ஆணியை மறுபக்கத்துக்கே கொண்டுபோய்விடலாம். ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அச்சு எங்கே குத்துகிறது என்பது அதன் கையில் இல்லை.

வரலாறு வேண்டுமென்றால்: 1924-இல் புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினிய வீல்களோடு பந்தயத்துக்கு வந்தது; 1966-இல் போர்ஷே 911 எஸ் அலாயை ஆசைப்பொருளாக்கியது. நமக்கு வேண்டியது 1972-இன் ஆடி 80. பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரித்து, ஒரு சுற்று பழுதானாலும் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் பிடிக்கும்படி செய்தார்கள். ஒற்றை முன்சக்கரம் மட்டும் பிடித்தால் கார் திரும்பிவிடுமே? அதற்காகத்தான் அச்சை டயர் நடுவுக்கு வெளியே குத்த வைத்தார்கள்.

வாசகருக்கு: 195/55 ஆர்16 டயர், 6 ஜே ரிம், கழற்றிய வீலின் ஆஃப்செட்டிலிருந்து ஐந்து மி.மீ.க்கு மேல் விலகாத எண், 54.1 வளையம், புது வீலின் குழிக்கு ஏற்ற நட். வீலின் பின்புறம் ஜே.டபிள்யூ.எல். என்று மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளரின் சுயசான்று, கூடவே வி.ஐ.ஏ. முத்திரை இருந்தால் வெளியார் சோதனையும் நடந்திருக்கிறது. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே தட்டு செருகி, “ஸ்பேசர் போட்டுச் சரிபண்ணிடலாம்” என்று கடைக்காரர் சொன்னால் அவசரப்படாதீர்கள். பத்து மி.மீ. ஸ்பேசர் ஆஃப்செட்டில் பத்தைக் கழிப்பதேதான். போதாததற்கு, ஸ்விஃப்டில் நட் ஏறும் ஆணி 12 மி.மீ. பருமன், மரை இடைவெளி 1.25, அந்த ஸ்பேசர் நட் ஏறவேண்டிய எட்டுச் சுற்றை விழுங்கிவிடும். ஆணியின் பருமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு, அதாவது ஏறக்குறையப் பத்துச் சுற்று. கடைக்காரரைக் கையால் நட்டை ஏற்றி, சுற்றை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.