காற்றாலைக்கு ஏற்ற கடல் எது?

இலங்கைத்துறைக் கரையில் வாடைக்காற்றின் வேகத்தை அறிந்தோர், "இக்கடலிலே காற்றாலைகள் நாட்டினால் என்ன?" என்று வினவக்கூடும். காற்று மட்டும் போதுமா? காலூன்ற நிலமும் வேண்டுமே!

உலகின் முதற் கடற்காற்றாலைப் பண்ணை 1991ஆம் ஆண்டு டென்மார்க்கில் விண்டெபி அருகே, ஆழங்குறைந்த கடலில் எழுந்தது. அதன் 11 காற்றாலைகளும் 2017இல் அகற்றப்பட்டன. பின்வந்த பெரும் பண்ணைகளில், கடலடியில் அறைந்த உருக்குக் குழாய்களே பெரும்பாலும் காற்றாலைகளைத் தாங்குகின்றன. கடலடி வடங்கள் மின்சாரத்தைக் கரை சேர்க்கின்றன.

திருக்கோணமலையிலோ, கப்பல்களுக்கு வரமாய் அமைந்த ஆழமே இதற்குத் தடை. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு இறங்கிவிடுகிறது.

இதற்கும் ஒரு வழி கண்டுள்ளனர். 2017இல் ஸ்கொட்லாந்துக் கடலில், ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில், ஹைவிண்ட் பண்ணையின் 5 காற்றாலைகள் மிதவைகளின்மேல் இயங்கத் தொடங்கின. நங்கூரச் சங்கிலிகள் அவற்றைப் பிணித்துள்ளன. நோர்வேயின் ஆழமான, அமைதியான நீர்ப்பரப்பில் அவற்றைப் பூட்டி, கடல்வழியே இழுத்து வந்தனராம். ஆழ்துறையின் அருமை இங்கே விளங்குகிறதல்லவா? செலவுதான் மிக அதிகம்.

ஆகவே, ஆழங்குறைந்த மன்னார்க் கடலின்மீதே வல்லுநர் கண் செல்கிறது. மன்னார்த் தீவின் தரையில் 2020இல் தொடங்கிய தம்பபவனிப் பண்ணை 30 காற்றாலைகளைக் கொண்டது. மேலும் காற்றாலைகள் நாட்டுவதை எதிர்த்து, 2025இல் அத்தீவு மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடியாது, வலசைப் பறவைகளுக்கும் மீன்பிடிக்கும் கேடு என்பன அவர்தம் கவலைகள். கடலுக்குள்ளே நாட்டப் புகுந்தால், வலை விரிக்கும் இடம் பற்றிய கேள்வியும் உடன் எழும்.