சிம்ப்யூட்டர் போயிற்று, குரல் இருக்கிறது

பெங்களூரு டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் தோள் உரசாமல் நடக்க முடியாது. இருபுறமும் குறுகலான கடைகள், உள்ளே கூரை வரை கேபிள் சுருள்கள், பழைய ஹார்ட் டிஸ்க்குகள், சால்டரிங் அயர்ன்கள். அங்கே வருபவர்களில் ஒரு ரகத்தினர் தனியாகத் தெரிவார்கள். ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப்புக்கு ராம் கேட்பார்கள். கையோடு ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் போர்டும் நாலைந்து சென்சார்களும் வாங்குவார்கள். போகிற போக்கில் விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு விலையையும் விசாரிப்பார்கள். வன்பொருள், மென்பொருள், கேம் என்று மூன்று பைத்தியமா என்று வீட்டில் கேட்பார்கள். உண்மையில் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை உண்டா? இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் வீம்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு பொருள் கடையிலிருந்து மறைந்த பிறகும் அதிலிருந்த அறிவு மிஞ்சுமா, அதோடு புதையுமா என்பதை முடிவு செய்வது இந்த உரிமைதான். பெங்களூரின் கதையே அதற்குச் சாட்சி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணினியில் ஓடும் எந்த மென்பொருளுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய மூல நிரல் ஒன்று. அதை இயந்திரத்துக்காக மாற்றிய வடிவம் இன்னொன்று. பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவதை மட்டும் விற்று, முதலாவதைப் பூட்டி வைக்கின்றன. மூல நிரலையும் சேர்த்துக் கொடுத்து, படி, மாற்று, பிறருக்குக் கொடு என்று உரிமம் எழுதித் தருவதுதான் ஓபன் சோர்ஸ். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் க்னூ திட்டத்தை அறிவித்தபோது இதை ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஓசி என்றும் பொருள், விடுதலை என்றும் பொருள். எது என்று அவர் அன்று முதல் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இங்கே பேசப்படுவது கட்டற்ற மென்பொருள்.

கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டு ஒரு கணினியையே செய்து பார்த்த ஊர் பெங்களூரு. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர் என்கோர் நிறுவனத்தாருடன் சேர்ந்து 1999-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய, உள்ளங்கையில் அடங்கும் கணினி ஒன்றைச் செய்வது நோக்கம். 2001-இல் முன்மாதிரி வெளியானது. அதன் பெயர் சிம்ப்யூட்டர். உள்ளே லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். தொடுதிரையில் குச்சியால் எழுதலாம். ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளும்படி, ஒவ்வொருவரும் தம் விவரங்களைத் தனி ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. கருவியின் வன்பொருள் வடிவமைப்பையும் அவர்கள் பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்றுத் தயாரிக்கலாம் என்று க்னூ உரிமத்தின் சாயலில் தனி உரிமம் எழுதினார்கள். 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கருவியை அசைத்தால் திரையில் பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி இது.

சிம்ப்யூட்டர் தோற்றது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எதிர்பார்த்த அளவில் அது விற்கவில்லை. மாதிரிக்கு ஏற்ப விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கி மேலே போனது. கிராமத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. பேரளவில் உற்பத்தி செய்தால்தான் விலை இறங்கும், பேரளவில் வாங்க அரசுகள் முன்வரவில்லை. அதற்குள் மலிவான செல்போன் வீடு வீடாக நுழைந்துவிட்டது. இதைக் காட்டி, திறந்த வடிவமைப்பெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், சந்தையில் நிற்காது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. திறந்து வைத்ததால் மட்டும் ஒரு பொருள் விற்காது. ஆனால் சிம்ப்யூட்டரை வீழ்த்தியது விலையும் ஆர்டர் இல்லாமையும். திறந்து வைத்ததால் அது விழவில்லை. அதே ஆண்டுகளில் பூட்டிய கையடக்கக் கணினிகளும் ஏராளமாக வந்து காணாமல் போயின. அவை போனபோது எல்லாமே போயிற்று. சிம்ப்யூட்டர் போனபோது ஒன்று மிஞ்சியது.

மிஞ்சியது ஒரு குரல். படிக்கத் தெரியாதவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக, ரமேஷ் ஹரிஹரன் ‘த்வனி’ என்ற மென்பொருளை உருவாக்கியிருந்தார். எழுத்தைக் கொடுத்தால் பதிவு செய்த ஒலித்துண்டுகளை ஒட்டவைத்துப் பேசும். அதன் மூல நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானதால், கருவி கடையை விட்டுப் போன பிறகும் யாரும் எடுத்துத் தொடர முடிந்தது. எடுத்துத் தொடர்ந்தவர் சந்தோஷ் தோட்டிங்கல் என்ற மலையாள மென்பொருளாளர். தமிழ் உள்பட மேலும் பல மொழிகளை அதில் சேர்த்தார். இதில் தமிழுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கன்னடத்திலும் இந்தியிலும் ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து இருக்கிறது. தமிழில் ககரம் ஒன்றுதான். ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் ஒரு மாதிரி, ‘பக’லில் இன்னொரு மாதிரி ஒலிக்கும். சொல்லின் முதலில் வந்தால் எப்படி, மெல்லினத்துக்குப் பின் வந்தால் எப்படி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் எப்படி என்று யாராவது விதி எழுதினால்தான் கணினி நம்மைப்போல் பேசும். அந்த விதியைத் தமிழ் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மூல நிரல் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இருந்தால், தமிழர் சந்தை அவர்களுக்கு எப்போது லாபமாகத் தெரிகிறதோ அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதுதான்.

வன்பொருளிலும் இதே கணக்குதான். எஸ்.பி. ரோட்டில் ஆர்டுயினோ போர்டு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் கடைக்காரரின் தாராள மனசு இல்லை. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் அதை உருவாக்கியவர்கள் வரைபடத்தைத் திறந்து வைத்தார்கள். பெயரும் சின்னமும் மட்டுமே அவர்களுக்குச் சொந்தம். அதே போர்டை யாரும் சட்டப்படி அச்சிட்டு விற்கலாம். ஒரு பொறியியல் மாணவர் தன் கைச்செலவுக் காசில் ஒரு போர்டை எரித்துவிட்டு, மறுவாரம் இன்னொன்று வாங்க முடிகிறது என்றால் அது இதனால்தான். பொழுதுபோக்குக் கருவியோடு இது நிற்கவுமில்லை. சிப்புக்குக் கட்டளை கொடுக்கும் மொழியையே யாருக்கும் உரிமத் தொகை இல்லாமல் திறந்துவிடும் ரிஸ்க்-ஃபைவ் திட்டம் 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த ‘சக்தி’ செயலி 2018-இல் சண்டிகர் ஆலையில் சிப்பாகவே வெளிவந்தது. மூடிய வடிவமைப்புகள் மட்டுமே இருந்திருந்தால், அந்த வேலை தொடங்குவதற்கே வெளிநாட்டு நிறுவனத்திடம் பெரும் உரிமத் தொகை கட்டியிருக்க வேண்டும்.

கேமுக்கு வருவோம், விளையாட்டில் என்ன உரிமைப் பேச்சு என்று தோன்றலாம். இரண்டு விளையாட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டின் மூல நிரலை அதன் நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. முப்பது ஆண்டு தாண்டியும் அது ஓடுகிறது. பிரிண்டரின் சிறு திரையில்கூட அதை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். 2014-இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு, நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து டிஸ்க் வாங்கி வைத்திருந்தவருக்கும் அன்றோடு அது ஒரு பிளாஸ்டிக் வட்டு ஆயிற்று. பழையதுதான் உயிரோடு இருக்கிறது, புதியதை அதன் நிறுவனமே சாகடித்தது. இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் நிரல்களை வேறு இயங்குதளங்களில் ஓட்டும் ‘வைன்’ மென்பொருளைத் தன்னார்வலர்கள் 1993 முதல் எழுதி வந்தார்கள். கேம் விற்கும் வால்வ் நிறுவனம் அதன்மேல் ‘புரோட்டான்’ கட்டி 2018-இல் வெளியிட்டது, 2022-இல் லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் டெக்’ கருவியைக் கொண்டுவந்தது. லினக்ஸில் கேம் ஆட முடியாது என்ற பழைய கேலி அதோடு பெருமளவு அடங்கியது.

பெருமளவுதான், முழுக்க இல்லை. ‘வேலரன்ட்’ போன்ற போட்டி விளையாட்டுகள் ஏமாற்றுத் தடுப்பு நிரலைக் காரணம் காட்டி லினக்ஸை அனுமதிப்பதில்லை. அவற்றை ஆடுபவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. இதெல்லாம் நேரமும் தெம்பும் உள்ளவர்களுக்கு, சாதாரணமானவருக்கு வேலை நடந்தால் போதும் என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம்தான். அந்தச் சாதாரணமானவரின் மேசைக்கே பிரச்சினை வந்துவிட்டதே! 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குக் குறிப்பிட்ட பாதுகாப்புச் சிப்பும் புதிய செயலியும் வேண்டும். அவை இல்லாத லேப்டாப்பின் திரை, விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் நன்றாக இருந்தும் அது குப்பைக்குப் போகும் நிலை. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, ராமைக் கூட்டி, அதே லேப்டாப்பைப் பிள்ளையின் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைக்கும் அந்த எஸ்.பி. ரோடு ஆசாமி, தன் நேரத்தைச் செலவழித்து நம் காசைத்தான் மிச்சப்படுத்துகிறார்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, யார் சோறு போடுவது என்பது. 2024 மார்ச்சில், உலகின் எண்ணற்ற சர்வர்களில் உள்ள ‘எக்ஸ்.இஸட்.’ என்ற சிறு சுருக்க மென்பொருளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்தது வெளிவந்தது. சம்பளமின்றித் தனியாளாக அதைப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம் உதவுவதுபோல் பழகித்தான் அந்த ஆள் உள்ளே நுழைந்திருந்தார். திறந்திருந்ததால்தானே திருடன் வந்தான் என்று கேட்கலாம். ஆனால் கண்டுபிடித்ததும் அதனால்தான். ஆந்த்ரெஸ் ஃப்ராயுண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று நிரலைத் தோண்டிப் போய்ப் பிடித்தார். பூட்டிய நிரலாக இருந்திருந்தால் சந்தேகத்தோடு நின்றிருப்பார். ஆகவே பாடம், கதவை மூடு என்பதில்லை. காவலுக்குக் கூலி கொடு என்பதுதான். பெங்களூருவின் ஸெரோதா நிறுவனம், உலகெங்கும் உள்ள கட்டற்ற திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. கட்டற்ற மென்பொருளால் வளர்ந்த நிறுவனங்கள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. இந்தக் கடமையை ஏற்றவர்களை அவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதே குறையை இந்த ஊரிலேயே முன்பு சொன்னவர் இருந்தார். 2001-இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாட்டைத் தொடங்கிய அதுல் சிட்னிஸ், பின்னாளில் அதை ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாற்றி, பயன்படுத்தினால் போதாது, பங்களியுங்கள் என்பதையே அதன் மந்திரமாக்கினார். மாநாடு 2012-உடன் நின்றது, 2013-இல் அவரும் மறைந்தார். கேள்வி அப்படியே இருக்கிறது. பங்களிப்பு என்றதும் நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மெனுவில் உள்ள ஒரு சொல்லைத் தமிழாக்கலாம். கொச்சையான மொழிபெயர்ப்பைச் சுட்டிக்காட்டலாம். கணினி ‘பகல்’ என்பதைத் தவறாக வாசித்தால், எங்கே தவறு என்று அந்தத் திட்டத்தாருக்கு இரண்டு வரி எழுதலாம். அதற்கு எஸ்.பி. ரோட்டுக்குப் போக வேண்டாம், சால்டரிங் அயர்ன் பிடிக்க வேண்டாம். தமிழ் தெரிந்தால் போதும்; அது உங்களுக்குத் தெரியும்.